பாஸ் மீன்பிடிப்பு

பாஸ் மீன்பிடிப்பு என்பது, வட அமெரிக்காவின் ஏரிகளிலும் ஆறுகளிலும் வாழும் பாஸ் எனப்படும் நன்னீர் மீன்களைத் தூண்டிற்கோல், ரீல், செயற்கை இரை ஆகியவற்றைக் கொண்டு பிடிக்கும் பொழுதுபோக்கும் போட்டி விளையாட்டும் ஆகும். ஐக்கிய அமெரிக்காவில் தூண்டிலால் பிடிக்கப்படும் நன்னீர் மீன்களுள் மிகப் பலரால் நாடப்படுவது இதுவே. இதற்கெனத் தனிவகைப் படகுகள், மின்னோடிகள், மீன்காட்டும் கருவிகள் என ஒரு பெருந்தொழில்துறையே வளர்ந்துள்ளது.

மீன்பிடித்தல் என்றவுடன் தமிழர் மனத்தில் முதலில் தோன்றுவன வலை, வள்ளம், சந்தை ஆகியவை. அங்கு மீன் கரைக்கு வந்ததும் அதன் கதை முடிந்துவிடுகிறது. பாஸ் மீன்பிடிப்பில், குறிப்பாக அதன் போட்டிகளில், பிடிக்கப்பட்ட மீனை உயிருடன் மீண்டும் நீரில் விடுவதே வழக்கம். ஆகவே மீனைப் பிடிக்கும் கருவிகளுக்கு ஈடாக, பிடித்த மீனை உயிருடன் வைத்திருக்கும் கருவிகளும் இதில் முதன்மை பெறுகின்றன.

மீன்

பாஸ் என்னும் பெயர் பல குடும்பங்களைச் சேர்ந்த மீன்களுக்கு வழங்குகிறது. இக்கட்டுரையில் குறிக்கப்படுபவை மைக்ரோப்டெரஸ் பேரினத்தைச் சேர்ந்த கரும் பாஸ் வகைகள் ஆகும். இவை உயிரியல் அடிப்படையில் கடல் பாஸ்களுக்கு நெருங்கிய உறவு அல்ல. சூரியமீன் குடும்பத்தைச் சேர்ந்தவை. இவற்றுள் இரண்டு இனங்கள் முதன்மையானவை.

பெருவாய் பாஸ்: பச்சை நிற உடலும், பக்கவாட்டில் ஓடும் கரிய பட்டையும் உடையது. மேல்தாடை கண்ணின் பின்விளிம்பையும் தாண்டி நீளும். வெப்பமான, பாசி நிறைந்த, ஓட்டம் குறைந்த நீரை விரும்பும்.

சிறுவாய் பாஸ்: வெண்கல நிறமும் குறுக்குப் பட்டைகளும் உடையது. குளிர்ந்த, தெளிந்த, பாறைப்பாங்கான நீரை விரும்பும். அமெரிக்கப் பேரேரிகளிலும் ஆறுகளிலும் மிகுதியாகக் காணப்படும்.

பெருவாய் பாஸின் அறிவியற் பெயர் நெடுங்காலம் மைக்ரோப்டெரஸ் சால்மாய்டிஸ் என்றே இருந்தது. 2022 இல் வெளியான மரபியல் ஆய்வொன்று, அப்பெயர் உண்மையில் புளோரிடா பாஸுக்கே உரியது எனக் காட்டியது. அதன்படி மற்றைய பெருவாய் பாஸ் மைக்ரோப்டெரஸ் நைக்ரிகன்ஸ் எனப்படுகிறது. பழைய நூல்களில் பழைய பெயரே காணப்படும் என்பதை மாணவர்கள் நினைவிற் கொள்ள வேண்டும்.

பாஸ் பதுங்கி வேட்டையாடும் மீன். நீரில் மூழ்கிய மரக்கிளை, பாசித்திட்டு, படகுத்துறைத் தூண் போன்றவற்றின் நிழலில் அசையாது நின்று, இரை அருகில் வந்ததும் வாயைச் சட்டெனத் திறக்கும். அப்போது உண்டாகும் உறிஞ்சு விசையால் நீரும் இரையும் ஒன்றாக வாய்க்குள் இழுக்கப்படும். கண்ணால் மட்டுமன்றி, உடலின் இருபுறமும் உள்ள பக்கக்கோட்டு உறுப்பினால் நீரின் அதிர்வையும் இது உணரும். செயற்கை இரைகளின் வடிவமைப்பு முழுவதும் இவ்விரு புலன்களை ஏமாற்றுவதையே நோக்கமாகக் கொண்டது.

இளவேனிற் காலத்தில் நீரின் வெப்பநிலை ஏறத்தாழ 15 முதல் 20 பாகை செல்சியசை எட்டும்போது இவை முட்டையிடும். ஆண் மீன் வாலினால் அடித்தரையைத் துடைத்துக் குழி அமைத்து, முட்டைகளையும் பின்னர் குஞ்சுகளையும் காவல் காக்கும். நம் குளங்களில் குஞ்சுத் திரளுடன் திரியும் விராலை நினைத்துக்கொண்டால் இதனை எளிதில் விளங்கிக்கொள்ளலாம். காவல் மீனைத் தூண்டிலால் அகற்றினால், காத்திருக்கும் சிறு மீன்கள் சில நிமிடங்களிலேயே முட்டைகளைத் தின்னத் தொடங்கிவிடும். எனவே முட்டையிடும் பருவத்தில் மீன்பிடிக்கலாமா என்பது இவ்விளையாட்டில் நெடுநாளாக நிலவும் வாதங்களுள் ஒன்றாகும்.

வரலாறு

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கென்டக்கி மாநிலத்தின் பாரிஸ் நகரைச் சேர்ந்த கடிகாரத் தொழிலாளரான ஜார்ஜ் ஸ்னைடர், பற்சக்கரங்கள் கொண்ட ரீல் ஒன்றைச் செய்தார். கைப்பிடியை ஒருமுறை சுற்றினால் நூல் உருளை பலமுறை சுழலும் இவ்வமைப்பே இன்றைய ரீல்களின் முன்னோடி ஆகும். 1881 இல் மருத்துவர் ஜேம்ஸ் ஹென்ஷால் கரும் பாஸ் பற்றிய தமது நூலை வெளியிட்டார். அதுவரை டிரவுட், சால்மன் போன்ற மீன்களுக்கே இருந்த மதிப்பை அந்நூல் பாசுக்கும் பெற்றுத் தந்தது.

20ஆம் நூற்றாண்டில் இவ்விளையாட்டு பரவியதற்கு முக்கிய காரணம் அணைகள் ஆகும். 1933 இல் தொடங்கப்பட்ட டென்னசிப் பள்ளத்தாக்கு அதிகாரசபை முதலான அமைப்புகள் தென் மாநிலங்களில் பல நீர்த்தேக்கங்களை உருவாக்கின. காடுகளும் வயல்களும் நீரில் மூழ்கியபோது, பதுங்கி வாழும் மீனுக்கு எல்லையற்ற மறைவிடமும் மிகுந்த உணவும் கிடைத்தன. இதனால் புதிய நீர்த்தேக்கங்களில் முதல் சில ஆண்டுகள் பாஸ் விரைந்து பெருகும்.

போட்டி விளையாட்டாக இதனை ஒழுங்குபடுத்தியவர் அலபாமாவைச் சேர்ந்த காப்பீட்டு முகவர் ரே ஸ்காட். 1967 ஜூன் மாதத்தில் ஆர்கன்சாவின் பீவர் ஏரியில் அவர் நடத்திய போட்டியில் 106 பேர் கலந்துகொண்டனர். அடுத்த ஆண்டு அவர் பாஸ் மீன்பிடிப்போர் சங்கத்தைத் தொடங்கினார். 1971 இல் முதலாவது பாஸ்மாஸ்டர் கிளாசிக் போட்டி நெவாடாவின் மீட் ஏரியில் நடைபெற்றது. போட்டியாளர்கள் 24 பேரும் வானூர்தியில் ஏறிய பின்னரே எந்த ஏரிக்குச் செல்கிறோம் என்பதை அறிந்தனர். பாபி மர்ரி என்பவர் வென்று 10,000 டாலர் பரிசு பெற்றார். ரே ஸ்காட் 2022 இல் காலமானார்.

தொடக்கப் போட்டிகளில் பிடிக்கப்பட்ட மீன்கள் கொல்லப்பட்டன. கொக்கிகளில் வரிசையாகத் தொங்கவிடப்பட்ட மீன்களின் படங்கள் அக்காலத்தில் வெற்றியின் அடையாளமாக இருந்தன. போட்டிகள் பெருகியபோது ஏரிகளின் மீன்வளம் குறைந்துவிடும் என்ற எதிர்ப்பும் பெருகியது. 1972 இல் ஸ்காட் தமது போட்டிகளில் மீனை உயிருடன் கொண்டுவந்து மீண்டும் விடும் முறையைப் புகுத்தினார். இறந்த மீனுக்கு எடை குறைக்கப்பட்டது. ஒரு போட்டி விதி வந்தவுடன் படகு கட்டுவோர் காற்றூட்டும் தொட்டிகளை அமைக்கத் தொடங்கினர். இவ்வாறு விதியே கருவியின் வடிவத்தை மாற்றியது.

தூண்டில் கருவிகள்

தூண்டிற்கோல்

முற்காலத்தில் மூங்கிலும் எஃகும், பின்னர் கண்ணாடியிழையும் பயன்பட்டன. இன்று பெரும்பாலான கோல்கள் கரிம இழையால் ஆனவை. பொதுவாக 2 முதல் 2.3 மீட்டர் நீளம் உடையவை. கோலின் இயல்பு இரண்டு சொற்களால் குறிக்கப்படும். வலு என்பது கோலை வளைக்கத் தேவையான விசை. வளைவு என்பது கோல் எந்த இடத்தில் வளைகிறது என்பது. நுனியில் மட்டும் வளையும் கோல் முள்ளை விரைவாகப் பாய்ச்சும். நடுவரை வளையும் கோல் மீன் துள்ளும்போது அதிர்ச்சியைத் தாங்கி முள் கழன்றுவிடாமல் காக்கும்.

ரீல்

பாஸ் மீன்பிடிப்பில் இரண்டு வகை ரீல்கள் பெரிதும் பயன்படுகின்றன. நிலையுருளை ரீலில் நூல் உருளை அசையாது. நூல் அதன் விளிம்பின் மேலாக வழுவி வெளியேறும். பழகுவதற்கு எளிது. மெல்லிய நூலுக்கும் எடை குறைந்த இரைக்கும் ஏற்றது.

சுழலுருளை ரீலில் இரை பறக்கும்போது உருளையும் உடன் சுழலும். இரை காற்றுத் தடையால் வேகம் இழக்கும். உருளையோ தன் நிலைமத்தால் அதே வேகத்தில் சுழல முயலும். இதனால் தேவைக்கு மிகுந்த நூல் வெளிப்பட்டு, உருளைக்குள் சிக்கிக் குருவிக்கூடு போல் ஆகிவிடும். இச்சிக்கலைச் சந்திக்காத பாஸ் மீனவர் எவரும் இலர் எனலாம். இதனைத் தடுக்க இரு வகைத் தடுப்பிகள் உள்ளன. மையவிலக்குத் தடுப்பியில் சிறு கட்டைகள் சுழற்சியால் வெளித்தள்ளப்பட்டு வளையத்தில் உரசும். காந்தத் தடுப்பியில், அலுமினிய உருளை காந்தப்புலத்தில் சுழலும்போது அதனுள் சுழல் மின்னோட்டம் தூண்டப்படும். அம்மின்னோட்டம் தன்னை உண்டாக்கிய சுழற்சியையே எதிர்க்கும். இது பள்ளி இயற்பியலில் படிக்கும் லென்சின் விதிக்கு நல்ல எடுத்துக்காட்டாகும். எவ்வகைத் தடுப்பி இருந்தாலும், இரை நீரைத் தொடும் கணத்தில் கட்டைவிரலால் உருளையை அழுத்தி நிறுத்துவதே இறுதித் தடுப்பு.

நூல்

தங்கூசி என்றும் நரம்பு என்றும் நம்மிடையே வழங்கும் ஒற்றையிழை நைலான், டூபாண்ட் நிறுவனம் 1938 இல் நைலானை அறிவித்த பின்னர் பயன்பாட்டிற்கு வந்தது. இன்று மூன்று வகை நூல்கள் உள்ளன.

நைலான்: நீளும் தன்மை உடையது, விலை குறைவு. அடர்த்தி நீரைவிடச் சற்றே அதிகமாதலால் மெதுவாக மூழ்கும்.

புளோரோகார்பன்: இதன் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 1.42. நீருக்கு 1.33. இவ்வேறுபாடு நைலானைவிடக் குறைவாதலால் நீருள் எளிதில் கண்ணுக்குப் புலப்படாது. அடர்த்தி மிகுதி, விரைவில் மூழ்கும்.

பின்னல் நூல்: உயர் வலுப் பாலியெத்திலீன் இழைகளால் பின்னப்பட்டது. பெரும்பாலும் நீளாது, மிதக்கும். அடர்ந்த பாசியிலிருந்து மீனை இழுக்க ஏற்றது. ஆனால் தெளிந்த நீரில் நன்கு தெரியும்.

செயற்கை இரைகள்

மரத்தைச் செதுக்கிச் செய்த தவளை இரையைக் கொண்டு மிச்சிகனைச் சேர்ந்த ஜேம்ஸ் ஹெடன் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இத்தொழிலைத் தொடங்கினார். 1949 இல் ஒகையோவின் அக்ரன் நகரில் நிக் கிரீம் என்பவர் மென்மையான நெகிழிப் புழுவை உருவாக்கினார். இன்றும் மிகுதியாகப் பயன்படும் இரை இதுவே. முக்கிய வகைகள் வருமாறு:

மேற்பரப்பு இரை: நீர்மேல் தத்தியும் தெறித்தும் வரும். விடியலிலும் அந்தியிலும் சிறந்தது. உள்ளீடற்ற தவளை இரையின் முட்கள் மேல்நோக்கி உடலை ஒட்டி இருப்பதால் பாசிமேல் சிக்காது செல்லும்.

மூழ்கோட்ட இரை: முன்புறம் ஒரு நெகிழி நாக்கு உடையது. இழுக்கும்போது நீரின் தடையால் நாக்கு இரையைக் கீழே செலுத்தும். நாக்கு நீண்டால் ஆழம் கூடும்.

சுழல்தகட்டு இரை: வளைந்த கம்பியின் ஒரு முனையில் சுழலும் உலோகத் தகடும் மறுமுனையில் முள்ளும் இருக்கும். தகட்டின் மினுக்கமும் அதிர்வும் சிறுமீன் கூட்டத்தை ஒத்திருக்கும்.

ஜிக்: எடைகூடிய தலையும் குஞ்சமும் உடைய முள். அடித்தரையில் ஊரும் நன்னீர் இறாலைப் போலத் தோன்றும்.

நெகிழிப் புழு: முள்ளின் நுனியைப் புழுவின் உடலுக்குள்ளேயே மறைத்துக் கோக்கும் முறை டெக்சசு முறை எனப்படும். இவ்வாறு கோத்தால் மரக்கிளைகளுக்கிடையே எறிந்தாலும் முள் சிக்காது.

எடைக்கு முன்னர் ஈயமே பயன்பட்டது. ஈயக் குண்டுகளை விழுங்கும் நீர்ப்பறவைகள் நஞ்சேறி இறப்பது அறியப்பட்ட பின்னர், நியூ ஆம்ப்சயர், மேய்ன் முதலிய மாநிலங்கள் சிறு ஈயக் குண்டுகளைத் தடை செய்தன. இன்று தங்குதன் பரவலாகியுள்ளது. இதன் அடர்த்தி ஈயத்தைவிட ஏறத்தாழ 1.7 மடங்கு. ஆகவே அதே எடைக்குக் குண்டு சிறிதாகும்; அடித்தரை கல்லா சேறா என்பதும் விரலுக்கு நன்கு தெரியும்.

படகும் அதன் கருவிகளும்

பாஸ் படகின் முன்னோடியாகக் கருதப்படுவது 1948 இல் லூசியானாவின் சிரீவ்போர்ட்டில் ஓம்சு தர்மன்ட் வடிவமைத்த இசுக்கீட்டர் படகு ஆகும். 1968 இல் ஆர்கன்சாவின் பிளிப்பின் ஊரில் பாரஸ்ட் வுட் தொடங்கிய ரேஞ்சர் நிறுவனம் இதனைப் பெருந்தொழிலாக்கியது. இன்றைய படகு பொதுவாக 5.5 முதல் 6.5 மீட்டர் நீளமுள்ள கண்ணாடியிழைக் கலம். நின்றுகொண்டு தூண்டில் எறிய ஏதுவாக முன்னும் பின்னும் தட்டையான மேடைகள் இருக்கும். 250 குதிரைத்திறன் கொண்ட வெளிப்பொருத்து இயந்திரத்துடன் சில படகுகள் மணிக்கு 110 கி.மீ வேகத்தையும் எட்டும்.

மின்னோடி

பேரியந்திரம் இடத்திற்கு விரையவே பயன்படும். மீன்பிடிக்கும் இடத்தில் அது நிறுத்தப்பட்டு, படகின் முகப்பில் உள்ள ஓசையற்ற மின்னோடி நீரில் இறக்கப்படும். 1934 இல் வட டகோட்டாவின் பார்கோ நகரைச் சேர்ந்த ஓ. ஜி. சிமிட் உருவாக்கிய மின்னோடியிலிருந்து மின் கோட்டா நிறுவனம் தோன்றியது. இன்றைய மின்னோடிகள் 12, 24 அல்லது 36 வோல்ட்டு மின்கலத் தொகுதியில் இயங்குகின்றன. காலால் மிதித்து இயக்குவதால் இரு கைகளும் தூண்டிலுக்குக் கிடைக்கும். செய்மதி இடங்காட்டியுடன் இணைந்த வகைகள், காற்றையும் நீரோட்டத்தையும் எதிர்த்து, நங்கூரமின்றியே படகை ஒரே இடத்தில் நிறுத்தி வைக்கும்.

சோனார்

1950களின் இறுதியில் கார்ல் லோரன்சும் அவர் மக்களும் சிறு படகுகளுக்கேற்ற சோனார் கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தனர். கருவி மீயொலித் துடிப்பைக் கீழ்நோக்கி அனுப்பி, எதிரொலி திரும்பும் நேரத்தை அளக்கும். நன்னீரில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 1,480 மீட்டர் செல்வதால், 10 மீட்டர் ஆழத்திலிருந்து எதிரொலி திரும்ப 13.5 மில்லிநொடி ஆகும். மீனின் காற்றுப்பை ஒலியை வலுவாக எதிரொலிக்கும். மீன் ஒலிக்கூம்பின் ஓரத்தில் நுழையும்போது தொலைவு அதிகம், நடுவில் குறைவு, வெளியேறும்போது மீண்டும் அதிகம். இதனாலேயே மீன் திரையில் வில் வடிவமாகத் தோன்றுகிறது.

2018 இல் கார்மின் நிறுவனத்தின் லைவ்ஸ்கோப் கருவி வெளியான பின்னர் முன்னோக்குச் சோனார் பரவியது. படகின் முன்னே உள்ள மீனையும், அதனை நோக்கி இறங்கும் இரையையும் இது நிகழ்நேரத்தில் காட்டும். மீன் இருக்குமிடத்தை ஊகிக்கும் திறனுக்கு இனி இடமில்லை என ஒரு சாராரும், சோனார் வந்த நாளிலும் இதே குறை கூறப்பட்டது என மற்றொரு சாராரும் வாதிடுகின்றனர். மேஜர் லீக் பிஷிங் அமைப்பு 2025 ஆம் ஆண்டுப் பருவத்தின் தன் முதன்மைத் தொடரில், ஒரு நாளின் மூன்று பகுதிகளில் ஒன்றில் மட்டுமே இக்கருவியைப் பயன்படுத்தலாம் என வரையறுத்தது.

நீரில் ஒரு நாள்

போட்டி நாள் விடியலுக்கு முன்பே படகிறங்கு சரிவில் தொடங்கும். படகை இழுவண்டியிலிருந்து நீரில் இறக்குமுன் அடிப்புறத்து வடிகால் அடைப்பானைப் பொருத்த வேண்டும். அதனை மறந்து, படகு மெல்லத் தாழ்வதைக் கண்ட பின் ஓடித் திரும்புவது இவ்விளையாட்டில் மிகப் பொதுவான விபத்து ஆகும்.

முதல் ஒளியில் படகுகள் வரிசையாகப் புறப்படும். காலையில் கரையோரம் மேற்பரப்பு இரை எறியப்படும். வெயில் ஏறியதும் மீன் நிழலுக்கோ ஆழத்திற்கோ செல்லும், இரையும் மாறும். ஒரு நாளில் ஆயிரத்திற்கும் மேற்பட்ட எறிதல்கள் இயல்பு. மீன் கடிப்பது அவற்றுள் மிகச் சிலவற்றுக்கே. நூலில் உணரப்படும் சிறு தட்டலா, கிளையில் உரசலா என்பதைப் பிரித்தறிவதே அனுபவம் எனப்படும். பெரும்பாலான போட்டிகளில் ஐந்து மீன்களே கணக்கில் கொள்ளப்படும். ஆறாவது மீன் பெரிதாயின் தொட்டியில் உள்ள மிகச் சிறியதை விட்டுவிடலாம்.

மீனைத் தூக்க அதன் கீழ்த்தாடையைக் கட்டைவிரலாலும் சுட்டுவிரலாலும் பற்றுவர். பாஸின் பற்கள் உப்புத்தாள் போல் நுண்ணியவை. பல மீன்களைப் பிடித்தவரின் கட்டைவிரல் தோல் உரிந்திருக்கும். பெரிய மீனைத் தாடையால் மட்டும் சாய்த்துத் தூக்கினால் தாடை மூட்டு சிதையும். மறு கையால் வயிற்றுப் பகுதியைத் தாங்க வேண்டும்.

பாதுகாப்பு

விரைவுப் படகின் ஓட்டுநர் தூக்கி வீசப்பட்டால் ஆளில்லாப் படகு நிற்பதில்லை. சுழலியின் முறுக்குவிசையால் திசைமாற்றி ஒரு பக்கம் திரும்பிவிட, படகு வட்டமடித்து நீரில் தத்தளிப்பவர் மீதே மீண்டும் பாயும். இதனைத் தடுப்பது இயந்திர நிறுத்து ஆளி ஆகும். இதன் கயிற்றின் ஒரு முனை ஓட்டுநரின் அங்கியிலும் மறுமுனை ஆளியிலும் மாட்டப்படும். ஓட்டுநர் விழுந்தால் கயிறு இழுபட்டு இயந்திரம் நின்றுவிடும். போட்டிகளில் இது பல்லாண்டுகளாகக் கட்டாயம். 2021 ஏப்ரல் 1 முதல், 26 அடிக்குக் குறைந்த, 3 குதிரைத்திறன் அல்லது அதற்கு மேற்பட்ட படகுகள் வேகமாகச் செல்லும்போது இதனை மாட்டியிருக்க வேண்டும் என ஐக்கிய அமெரிக்க நடுவண் சட்டம் கூறுகிறது. கருவி பல படகுகளில் முன்பே இருந்தது. கயிற்றை மாட்டாமையே உயிரிழப்புக்குக் காரணமாயிற்று.

அமெரிக்கக் கடலோரக் காவற்படையின் ஆண்டறிக்கைகளின்படி, படகு விபத்துகளில் மூழ்கி இறந்தோருள் ஐந்தில் நான்கு பங்கினருக்கு மேல் உயிர்காப்பு அங்கி அணியாதவர்கள். நீரில் விழுந்தால் தானே ஊதிக்கொள்ளும் மெல்லிய அங்கிகள் இப்போது கிடைக்கின்றன. இடி மின்னல் வேளையில் கரிம இழைக் கோலைக் கீழே வைத்துவிட்டுக் கரைசேர வேண்டும். கரிம இழை மின்கடத்தி ஆகும்.

பிடித்து விடுதல்

மீனை நீரில் விட்டுவிட்டால் அது பிழைத்துவிடும் என்று கொள்ள முடியாது. நீந்திச் சென்ற மீன் சில நாட்களுக்குப் பின் இறப்பதும் உண்டு. இதற்கு மூன்று காரணங்கள் முதன்மையானவை.

முதலாவது உயிர்வளி. 20 பாகை செல்சியசில் ஒரு லிட்டர் நீரில் ஏறத்தாழ 9.1 மில்லிகிராம் உயிர்வளி கரையும். 30 பாகையில் 7.6 மில்லிகிராம் மட்டுமே. வெப்பநிலை ஏறும்போது மீனின் உயிர்வளித் தேவையோ கூடுகிறது. ஆகவே கோடைக்காலப் போட்டியில் ஐந்து பெரிய மீன்கள் ஒரு தொட்டியில் நாள் முழுவதும் இருப்பது கடும் சோதனை ஆகும். எக்கி மூலம் தொடர்ந்து காற்றூட்டுவதும், பனிக்கட்டி இட்டு நீரைச் சில பாகை குளிர்விப்பதும் இதற்கான வழிகள்.

இரண்டாவது அழுத்தம். 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேற்பரப்பைப் போல் இரு மடங்கு. அங்கிருந்து மேலே இழுக்கப்படும் மீனின் காற்றுப்பை, பாயிலின் விதிப்படி இரு மடங்காக விரியும். பாஸின் காற்றுப்பை உணவுக்குழலுடன் திறப்பில்லாதது. காற்றை உடனே வெளியேற்ற இயலாது. மீன் வயிறு மேலாக மிதக்கும். பயிற்சி பெற்றவர்கள் ஊசியால் காற்றை வெளியேற்றுவர்; அல்லது எடை கட்டி மீனை ஆழத்திற்கு இறக்கி விடுவர்.

மூன்றாவது கையாளுதல். உலர்ந்த கையும், தரைவிரிப்பின் உரசலும் மீனின் உடலைக் காக்கும் வழவழப்புப் படலத்தை அகற்றிவிடும். அதன் பின் பூஞ்சையும் நோய்க்கிருமிகளும் எளிதில் தொற்றும்.

மேஜர் லீக் பிஷிங் போட்டிகளில், மீனைத் தொட்டியில் வைத்துக் கரைக்குக் கொண்டுசெல்லாமல், படகிலேயே எடையிட்டு உடனே விட்டுவிடும் முறை கையாளப்படுகிறது.

உயிருள்ள மீனின் மதிப்பை மக்களுக்கு உணர்த்தியது எத்தல் எனப் பெயரிடப்பட்ட பெருவாய் பாஸ் ஆகும். 1986 நவம்பரில் டெக்சசின் போர்க் ஏரியில் பிடிக்கப்பட்ட இம்மீன் 17.67 பவுண்டு எடையுடன் அன்றைய மாநிலச் சாதனையை முறியடித்தது. அதனைக் கொல்லாமல் மாநில இனப்பெருக்கத் திட்டத்திற்கு அளித்தனர். பின்னர் மிசௌரியின் இசுப்பிரிங்பீல்டில் உள்ள காட்சித் தொட்டியில் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டு, 1994 இல் இறந்தது. பெரிய மீனைச் சுவரில் மாட்டுவதைவிட நீரில் வாழவிடலாம் என்ற எண்ணம் டெக்சசில் பரவ இது உதவியது.

இரண்டு உலக சாதனைகள்

1932 ஜூன் 2 அன்று ஜார்ஜியாவின் மான்ட்கோமரி ஏரியில் ஜார்ஜ் பெரி என்னும் இளம் உழவர் 22 பவுண்டு 4 அவுன்சு (10.09 கி.கி) எடையுள்ள பெருவாய் பாஸைப் பிடித்தார். அது பெரும் பொருளாதார மந்தக் காலம். மீன் எடையிடப்பட்ட பின் குடும்பத்தினருக்கு உணவாயிற்று.

77 ஆண்டுகள் கழித்து, 2009 ஜூலை 2 அன்று சப்பானின் பிவா ஏரியில் மனாபு குரிட்டா பிடித்த மீன் 22 பவுண்டு 4.97 அவுன்சு (10.12 கி.கி) இருந்தது. இவ்வளவு எடையுள்ள மீனுக்குப் புதிய சாதனை எனக் கொள்ள, பழையதைவிட 2 அவுன்சாவது மிகுந்திருக்க வேண்டும் என்பது பன்னாட்டு விளையாட்டு மீன்பிடிச் சங்கத்தின் விதி. எனவே இருவரும் சாதனையைப் பகிர்ந்துகொள்கின்றனர். பிவா ஏரி அமைந்துள்ள சிகா மாகாணத்தில், பிடித்த பாஸை மீண்டும் ஏரியில் விடுவது 2003 முதல் தடை செய்யப்பட்டுள்ளது. பிடித்து விடுதலைத் தன் அடையாளமாகக் கொண்ட இவ்விளையாட்டின் இரு உச்ச சாதனைகளும், ஒன்று பசியாலும் மற்றொன்று சட்டத்தாலும், அவ்வழக்கத்திற்கு வெளியே அமைந்தன.

சூழலியல் தாக்கம்

பாஸ் தன் இயற்கை எல்லைக்கு வெளியே கேடு விளைவிக்கும் வேட்டை மீன் ஆகும். சப்பானில் இது 1925 இல் ஆசி ஏரியில் முதன்முதலாக விடப்பட்டு, பின்னர் நாடெங்கும் பரவி உள்நாட்டுச் சிறுமீன்களைக் குறைத்தது. 2005 முதல் அந்நாட்டின் அயல் ஆக்கிரமிப்பு இனச் சட்டம் இதனை உயிருடன் கொண்டுசெல்வதையும் புதிய நீர்நிலைகளில் விடுவதையும் தடை செய்கிறது. குவாத்தமாலாவின் அத்தித்லான் ஏரியில் 1950களின் இறுதியில் பாஸ் விடப்பட்ட பின், அங்கு மட்டுமே வாழ்ந்த முக்குளிப்பான் பறவையினம் வேகமாகக் குறைந்து, பிற காரணங்களும் சேர, இறுதியில் அற்றுப்போயிற்று.

படகுகளும் அயல் உயிரினங்களைப் பரப்புகின்றன. நம் பள்ளி ஆய்வகங்களில் ஒளிச்சேர்க்கைச் செய்முறைக்குப் பயன்படும் ஐதரில்லா என்னும் நீர்ச்செடி, 1950களின் தொடக்கத்தில் மீன்தொட்டி வணிகத்தின் வழியாக இலங்கையிலிருந்து புளோரிடாவை அடைந்தது. இழுவண்டிகளிலும் மின்னோடிகளிலும் ஒட்டிய சிறு துண்டுகள் அதனைப் பல மாநில ஏரிகளுக்குக் கொண்டுசென்றன. நீர்வழிகளை அடைத்துப் பெருஞ்செலவு விளைவிக்கும் அதே செடி பாசுக்குச் சிறந்த மறைவிடமாகவும் அமைகிறது. இதனால் அதனை அழிக்க முனையும் நீர்வள அலுவலர்களும் காக்க விரும்பும் மீன்பிடிப்போரும் முரண்படுவது உண்டு. ஏரியை விட்டு நீங்கும் முன் படகைத் துடைத்து, நீரை வடித்து, உலர்த்த வேண்டும் என்பது இன்று அனைவருக்கும் கற்பிக்கப்படுகிறது.

இவற்றையும் பார்க்க

தூண்டில்
விரால்
சோனார்
ஐதரில்லா
ஆக்கிரமிப்பு இனம்